பனிக்கால இமயப் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து இமயமலைக்குப் பனிக்கால நடைப்பயணம் அழைத்துச் செல்லும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி கணவாய். ஆறு நாள், இவ்வளவு கட்டணம், டேராடூனில் கூடுகிறோம், முதல்முறை வருகிறவர்களும் தாராளமாக வரலாம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில் தெர்மல் உடை, இரண்டு ஜோடிக் கையுறை, கறுப்புக் கண்ணாடி, உலர்பழம் எல்லாம் இருக்கும். பனிச்சரிவு என்ற சொல் மட்டும் இருக்காது.

பனிச்சரிவை ஆங்கிலத்தில் அவலாஞ்ச் என்பார்கள். நம் ஊரில் அவலாஞ்சி என்றால் நீலகிரியில் ஓர் ஏரி. அந்தப் பெயரும் மண் சரிந்ததால் வந்தது, பனியால் அல்ல. மார்கழிக் காலையில் புல்நுனியில் இருப்பதும் நமக்குப் பனிதான், ஒரு கிராமத்தையே மூடுவதும் பனிதான். உத்தரகண்டின் கார்வால் மலையில் பிறந்தவருக்கு எந்த ஓடைக்குக் கீழே மாட்டுக்கொட்டில் கட்டக் கூடாது என்று பாட்டி சொல்லித் தந்திருப்பார். உங்களை நம்பி வரும் சென்னைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் அதைச் சொல்லித்தர யாருமில்லை. அந்த இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பனிச்சரிவு மலையேறிகளின் சிக்கல், நடந்து போகிறவர்களுக்கு அது வராது என்ற எண்ணம் உங்களில் பலருக்கு உண்டு. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலாவுக்குப் போகும் சாலையில் இறந்த ஏழு பேர் சுற்றுலாப் பயணிகள். 13ஆம் மைல் வரைக்கும்தான் அனுமதி இருந்தது, அதைத் தாண்டி 15ஆம் மைலருகே போயிருந்தார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மாணாவில் சிக்கிய 54 பேர் சாலைப் பணியாளர்கள். முகாமில் இருந்தவர்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். சமோலி உள்ளிட்ட மாவட்டங்களின் உயரமான பகுதிகளுக்கு முந்தின நாளே பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மறுபக்கம், 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டாண்டா சிகரத்தில் 29 பேரை இழந்தது உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு. சாலையில் நின்றவர்களையும் முகாமில் இருந்தவர்களையும் பயிற்சி பெற்றவர்களையும் ஒன்றுபோலவே பனி எடுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் பயணங்களில் இருக்கும் முதல் கோளாறு மலையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. விடுப்பு வாங்கியாயிற்று, திரும்பும் டிக்கெட் போட்டாயிற்று, திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். இரண்டு நாள் கொட்டிய பனி ஓய்ந்து வானம் நீலமாகத் திறக்கும் அந்தக் காலையில்தான் உச்சி ஏறும் நாள் வந்து நிற்கும். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. புதுப்பனி தன் எடையில் அமுங்கி ஒட்டிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாள், பெரும்பாலும் இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளை உங்கள் அட்டவணை தருவதே இல்லை. ஆறு நாள் பயணத்தில் ஒரு நாளாவது வெறுமனே விடுங்கள். பனி பொழியாவிட்டால் அன்று தூங்கட்டும்.

டிசம்பரில் பனி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. பனிப்போர்வையின் அடிப்பகுதி, தரையின் வெப்பத்தால், ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு தெளிந்த இரவில் -12 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் வித்தியாசம் 0.6 டிகிரிதான். 40 செ.மீ. மட்டுமே இருந்தால் அது 3 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலேறி, ஒட்டியிருந்த துகள்களைப் பிரித்து, கோணல்மாணலான படிகங்களாக மாற்றிவிடும். கையில் எடுத்தால் ரவை மாதிரி கொட்டும், உருண்டை பிடிக்க வராது. ஜனவரியில் மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமேகத் தொகுதி, வந்து அதன்மேல் அரை மீட்டர் பனியைக் கொட்டிக் காற்றால் இறுக்கினால், ரவை பரப்பிய தட்டின்மேல் பலகையை வைத்துச் சாய்த்துப் பிடித்த கதைதான். அந்த ரவை வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆக, டிசம்பரின் மெல்லிய பனி ஜனவரி, பிப்ரவரி ஆபத்துக்குப் போட்ட அடித்தளம். நிழல் விழும் வடக்கு முகங்களில் இது மோசம்.

பலகை என்று சும்மா சொல்லவில்லை. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை உதிரியாக வழிவதில்லை. ஒரு பரப்பே விரிசல்விட்டு மொத்தமாகக் கிளம்புகிறது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் கணக்குகளில், உயிரிழப்பு நேர்ந்த பத்தில் ஒன்பது சம்பவங்களில் அதைக் கிளப்பியவர் சிக்கியவரேதான், அல்லது அவருடன் வந்தவர். மலை தானாக விழுந்துவிட்டது என்பது பெரும்பாலும் நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

எங்கே கிளம்பும் என்பதற்குச் சாய்வுதான் முதல் விடை. 30 முதல் 45 டிகிரி வரை. அதிகம் கிளம்புவது 38 டிகிரியை ஒட்டி. இதைப் பார்க்கக் கேதார்காந்தாவின் அடிவார ஊரான சங்க்ரி வரை போக வேண்டியதில்லை, வீட்டு மேசையிலேயே பார்க்கலாம். 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 40 மீட்டர் என்றால் ஐந்து கோட்டுக்கு ஒன்று தடிமனாக இருக்கும். இரண்டு தடிமன் கோடுகளுக்கு நடுவே உயர வித்தியாசம் 200 மீட்டர். அளவுகோலை வையுங்கள். அந்த இடைவெளி 7 மி.மீ.க்குக் குறைந்தால் அந்தச் சாய்வு சராசரியாக 30 டிகிரிக்கு மேல். 5 மி.மீ.க்குக் கீழே போனால் 40-ஐ நெருங்கிவிட்டது. கணினி வரைபடங்களில் சாய்வுக்கு ஏற்ப நிறம் தீட்டிக் காட்டும் வசதியும் உண்டு. அவை 30 மீட்டர் கட்டங்களில் எடுத்த தரவுகள் என்பதால் சின்னச் செங்குத்துகள் மழுங்கிவிடும். திரையில் 27 என்று வந்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போன பிறகு கைபேசியின் சாய்வுமானி செயலியை ஊன்றுகோலின்மேல் வைத்து அளக்கலாம். கண்ணளவை நம்ப வேண்டாம். கீழே நின்று பார்த்தால் சாய்வு குறைவாகவும் மேலே நின்று பார்த்தால் அதிகமாகவும் தெரியும்.

நீங்கள் நடக்கும் தடம் 15 டிகிரிதான் என்பது ஒரு பதிலே அல்ல. தலைக்கு மேலே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி கூடாரம் அடிக்கும் இடத்தில் இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் அங்கே பத்து மணி நேரம் அசையாமல் கிடப்பீர்கள். முகாமில் நின்று, மேலே பனி கிளம்பக்கூடிய சரிவின் உச்சியை நோக்கிச் சாய்வுமானியைப் பிடியுங்கள். பார்வைக்கோணம் 25 டிகிரிக்கு மேல் என்றால் அங்கே கூடாரம் வேண்டாம். 18-க்குக் கீழே வந்தால்தான் பெரும்பாலும் நிம்மதி. நடுவில் இருந்தால் தடயங்களைப் பாருங்கள். காட்டுக்கு நடுவே மரமே இல்லாத நீளமான பட்டை, மேட்டுப்பக்கம் மட்டும் கிளை முறிந்த தேவதாரு, எல்லாம் ஒரே திசையில் கீழ்நோக்கிப் படுத்திருக்கும் பூர்ஜ மரப் புதர்கள். மண்சரிவு வழியில் வீட்டுமனை போடக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அதேதான். முகாமுக்குத் தட்டையான, அழகான, தண்ணீருக்குப் பக்கமான இடம் பல சமயம் ஓடைவாயில் பனி வந்து கொட்டிக் கொட்டி உண்டாக்கிய தட்டைதான்.

வழியில் மலை சில விஷயங்களை நேரடியாகவே சொல்லும். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தழும்பு, காலை வைத்ததும் 'பொம்' என்று உள்ளே அமுங்கும் ஓசை, காலடியிலிருந்து கண்ணாடிபோல் ஓடும் விரிசல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 30 டிகிரிச் சரிவுகளுக்கு அன்று முற்றுப்புள்ளி. ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் புதுப்பனி, அல்லது பனி பொழியாமலேயே முகட்டில் புழுதிபோல் பனி பறக்கும் காற்று, இரண்டும் அதே கணக்குதான். காற்று முகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கம் சேர்க்கும். சில மணி நேரத்தில் வானிலிருந்து விழுவதைவிடப் பன்மடங்கு சேர்த்துவிடும். குளிர்கால மழைமேகம் மேற்கிலிருந்து வரும் மலைகளில் கிழக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில் இந்தச் சுமையைத் தேடுங்கள். மத்தளம்போல் வெற்றொலி எழுப்பும் வழவழப்பான பனி அதன் அடையாளம்.

நிலவொளியில் கிளம்பி உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது பற்றி. மே, ஜூனில் ரூபின் கணவாய் போன்ற இடங்களில் விடியலுக்கு முன் கிளம்புவது சரி. இரவில் இறுகிய பனி வெயில் ஏறினால் குழம்பாகும், மதியத்துக்குள் கணவாயின் குறுகிய பனிப்பள்ளத்தைக் கடந்து முடித்திருக்க வேண்டும். ஆனால் ஜனவரியில் அந்தக் காரணம் இல்லை. தலைவிளக்கு பத்து மீட்டர் காட்டும், தலைக்கு மேலே இருக்கும் சரிவை, நேற்றைய விரிசலை, பறக்கும் பனியைக் காட்டாது. உதயத்தின் படத்துக்காக இருபது பேரைக் குருடர்களாக நடத்துகிறீர்கள். கடுங்குளிர் மாதங்களில் வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள்.

எச்சரிக்கை அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ, அதாவது பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரிவு, குளிர்காலத்தில் மாவட்ட வாரியாக அறிக்கை தருகிறது. மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகளும் அதை வெளியிடுகின்றன. அபாய நிலை எண்ணைப் படிக்கும்போது ஒரு தவறு நடக்கிறது. ஐந்தில் மூன்று என்றதும் 'பாதிதானே, பாஸ் மார்க்' என்று நினைக்கிறார்கள். அந்த ஏணியில் ஒவ்வொரு படியிலும் அபாயம் பெருகிப் போகும். ஐரோப்பாவில் அதிக உயிர்கள் போவது மூன்றாம் நிலையில்தான், ஏனெனில் நான்கில் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். புதியவர்களை அழைத்துச் செல்லும் குழுவுக்கு மூன்று என்றால் காட்டுப்பாதை மட்டும், மேலே ஏறக் கூடாது. மாவட்டம் முழுமைக்குமான அறிக்கை உங்கள் ஓடைக்குள் எட்டிப் பார்க்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

குழித் தோண்டிப் பனியைச் சோதிக்கும் வழிகாட்டிகள் இப்போது சிலர் இருக்கிறார்கள், நல்லது. 30 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளத்தில் ஒரு தூணை வெட்டித் தனித்து நிறுத்தி, ஒரு முனையில் பனி வாரும் ஷவலை வைத்து மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து எனத் தட்டுவது. விரிசல் மறுமுனை வரை ஒரே வீச்சில் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடாவிட்டால்? அந்த ஒரு குழியில் ஓடவில்லை, அவ்வளவே. இந்தச் சோதனை 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தது, 'போகலாம்' என்று சொல்லத் தெரியாதது.

கருவிகளைப் பற்றி நீங்கள் எழுப்பும் வாதம் எங்களுக்குத் தெரியும்: 'நாங்கள் ஸ்கீயிங் போகவில்லையே, எதற்கு பீக்கன்?' தலைக்கு மேலே 30 டிகிரி இருக்கும் வழியில் போகாவிட்டால் வேண்டாம். போனால் ஆளுக்கு ஒன்று வேண்டும், குழுவுக்கு ஒன்று அல்ல. பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ சைகை அனுப்பித் துடித்துக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி. புதைந்தவரிடம் ஒன்று, தேடுகிறவரிடம் ஒன்று என்றால்தான் அது வேலை செய்யும். கூடவே ஆளுக்கொரு புரோப், அதாவது 240 செ.மீ.க்குக் குறையாத மடக்குக்கம்பி, ஆளுக்கொரு உலோக ஷவல். நெகிழி ஷவல் இறுகிய பனியில் உடையும். சரிந்து நின்ற பனி சிமெண்ட்போல் இறுகிவிடும், ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் வார வேண்டும், வெறுங்கையால் முடியாது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். குல்மார்க் போன்ற இடங்களில் வாடகைக்கும் கிடைக்கின்றன.

பீக்கன் பெட்டியை உள்ளாடைக்கு மேலே, வெளிக்கோட்டுக்குக் கீழே பட்டையால் கட்ட வேண்டும். முதுகுப்பையில் வைத்தால் பை வேறெங்கோ போகும். அல்கலைன் மின்கலம் மட்டும், கையேடு அனுமதித்தால் ஒழிய ரீசார்ஜ் வகை கூடாது. பாதிக்குக் கீழ் இறங்கினால் மாற்றிவிடுங்கள். கைபேசி, பவர் பேங்க், கேமரா இவை அனுப்பும் நிலையில் 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் தலைவர் முன்னே நின்று, ஒவ்வொருவராகக் கடந்துபோகச் சொல்லி ஒலி வருகிறதா என்று பார்த்த பிறகே முகாமைவிட்டு நகர வேண்டும்.

பயிற்சியைச் சென்னையிலேயே தொடங்கலாம். பெசன்ட் நகர்க் கடற்கரையின் காய்ந்த மணலில் ஒரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், கூடட்டும். ஓசை கிடைக்கும் வரை ஓட்டம். கிடைத்ததும், பெட்டியின் திரையில் தூரத்தைக் காட்டும் எண் குறையும் திசையில் நடை. 3 மீட்டருக்குள் வந்ததும் குனிந்து, பெட்டியைப் பரப்போடு ஒட்டி மெல்லக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாகப் புரோப்பைக் குத்துவது. கம்பி சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், வானத்திலிருந்து நேர்க்கீழாக அல்ல. உடலில் பட்டால் லேசாகத் துள்ளும். பட்ட கம்பியை உருவாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், பிறகு இடம் தெரியாமல் தவிக்கிறார்கள். தோண்டுவது கம்பிக்கு நேர் மேலே நின்றல்ல. புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் பள்ளப்பக்கம் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும். மேலே ஏறி நின்றால் அவர் முகத்தருகே இருக்கும் கொஞ்சம் காற்றையும் மிதித்துவிடுவீர்கள். முன்னால் தோண்டுபவரை நிமிடத்துக்கொருமுறை மாற்றுங்கள், மற்றவர்கள் பின்னால் வாரித் தள்ளட்டும்.

இத்தனை அவசரம் ஏன் என்றால், முழுவதும் புதைந்தவர்களைப் பற்றிய சுவிட்சர்லாந்துக் கணக்கு இது: 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியில் மூன்றில் ஒருவர்தான். இறப்பவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறக்கிறார்கள், குளிரில் அல்ல. எனவே முகம் தெரிந்ததும் வாயில் இருக்கும் பனியை எடுத்து மூச்சுக்கு வழி செய்வதுதான் முதல் வேலை, உடலை முழுதாக வெளியே இழுப்பது பிறகு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் புதைந்ததும், அவர்களில் நால்வர் நம் மாநிலத்தவர் என்பதும் எல்லோர் நினைவிலும் இருக்கும். ஆறு நாளுக்குப் பிறகு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டதை வைத்து, 'எத்தனை நாளானாலும் நம்பிக்கை உண்டு' என்று உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் சொல்ல வேண்டாம். அது விதிவிலக்கு. அவரும் சில நாளில் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

ஹெலிகாப்டர் வரும் என்ற நினைப்பும் வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் தொலைபேசியோ கையடக்கச் செய்திக்கருவியோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் கையில் இருந்தாலே இந்தியாவில் வழக்கு. ஆன்லைனில் வாங்கிக்கொடுத்து அனுப்பாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே இருக்கப்போவது உங்கள் குழு மட்டும்தான்.

சந்தேகமான சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் முழுதும் கடந்து பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர். ஊன்றுகோலின் கைப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். நடுவில் நின்று படம் எடுக்கக் கூடாது. இருபது பேர் எறும்புவரிசையாகக் கடக்கும் அந்தக் காணொளியை உங்கள் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்கும் முறையையும் மாற்றுங்கள். பணம் கட்டிய இருபது பேர் சுற்றி நிற்கும்போது 'போகலாமா பையா?' என்றால் அவர் 'போகலாம்' என்றுதான் சொல்வார். முந்தின நாள் மாலை தனியாக அடுப்படியில் உட்கார்ந்து, 'உங்கள் தம்பி வந்திருந்தால் இந்த வழியே கூட்டிப்போவீர்களா?' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு, காரணம்கூடக் கேட்க வேண்டாம். திரும்பி வந்தாலும் அவருக்கும் சுமைதூக்குகிறவர்களுக்கும் முழுக்கூலி என்று முன்பே சொல்லிவிடுங்கள். உச்சி ஏறினால் தனி அன்பளிப்பு என்ற வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.

எங்கள் வேண்டுகோள் பெரிதில்லை. பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: வழியில் 30 டிகிரியைத் தாண்டும் இடங்கள் எவை, அபாய நிலை எந்த எண்ணைத் தொட்டால் எந்த முகாமிலிருந்து திரும்புவோம், மாற்றுவழி எது, திரும்பினால் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தரப்படும், பீக்கன், புரோப், ஷவல் ஆளுக்கொன்று உண்டா இல்லையா. கிளம்பும் முன்பே எல்லோரும் படித்துக் கையெழுத்திட்டிருந்தால், மேலே நின்று யாரும் யாரோடும் வாதாட வேண்டியிருக்காது. படிவத்தை அச்சடித்தபின் ஒரு பிரதியை எங்கள் பார்வைக்கும் படும்படி பொதுவில் போடுங்கள். வரைபடத்தில் சாய்வு அளக்க உதவி தேவைப்படும் குழுக்களுக்குக் கார்த்திகை முடிவதற்குள் உட்கார்ந்து அளந்து தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பனிமலை வழிகளில் குழுக்களுடன் நடக்கும் சிலர்